மிசிசிப்பி ஜான் ஹர்ட்: 35 ஆண்டுகள் எங்கே இருந்தார், அந்தக் கிட்டார் எப்படி இரண்டு கிட்டாராகக் கேட்கிறது?

கேள்வியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. 1928-இல் பாட்டுப் பதிந்த, அமெரிக்கக் கருப்பினப் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜான் ஹர்ட் 1963 வரை எங்கே போனார்? அவரை டெல்டா ப்ளூஸ்காரர், அதாவது மிசிசிப்பியின் வடமேற்குச் சமவெளியான டெல்டாவில் கருப்பர் பாடிய ப்ளூஸ் பாணியைச் சேர்ந்தவர், என்று சொல்வது சரியா? ஒரே ஆள் வாசிக்கும் கிட்டார் இரண்டு பேர் வாசிப்பது மாதிரி கேட்கிறதே, அதைக் கற்க எங்கிருந்து தொடங்குவது?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: அவர் எங்கேயும் போகவில்லை. மிசிசிப்பி மாநிலத்தில், கரோல் கவுண்டியில், அவலான் என்ற சின்ன ஊரில்தான் இருந்தார். விளைச்சலில் பங்கு என்ற ஏற்பாட்டில் பிறர் நிலத்தில் பயிர் செய்தார், மாடு மேய்த்தார், சனிக்கிழமை இரவுகளில் அக்கம்பக்கத்தார் ஆடுவதற்குக் கிட்டார் வாசித்தார். போனதும் வந்ததும் ரெக்கார்ட் கம்பெனிதான். எழுபது வயதை நெருங்கும்வரை அவர் தொழில்முறைக் கலைஞராக வாழ்ந்ததே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் அவருடைய குரல், பாட்டுத் தேர்வு, கட்டைவிரல் ஓட்டம் எல்லாமே ஏன் அப்படி இருக்கின்றன என்பது விளங்கிவிடும்.

பிறந்தது 1890-களின் தொடக்கத்தில், டியோக் என்ற இடத்தில், வளர்ந்தது அவலானில். பள்ளிக்கூடத்தைச் சிறு வயதிலேயே விட்டுவிட்டார். அந்த ஊர் ஆசிரியை ஒருவரை விரும்பி, வில்லியம் கார்சன் என்ற கிட்டார்க்காரர் ஹர்ட் வீட்டுப் பக்கம் வந்து தங்குவார். அவர் தூங்கும் நேரத்தில் அந்தக் கிட்டாரை எடுத்துத் தடவிப் பார்த்துத்தான் பையன் கற்றான். ஒன்பது வயதுவாக்கில் அம்மா ஒன்றரை டாலருக்கு ஒரு பழைய கிட்டார் வாங்கிக் கொடுத்தார். முறையான குரு கிடையாது. கிட்டார் எப்படி ஒலிக்க வேண்டும் என்று தனக்குத் தோன்றியதோ அப்படியே வாசித்ததாகப் பின்னாளில் சொன்னார். ஊர் ஊராகப் போய் மருந்து விற்கும் கூத்துக் கும்பல் ஒன்று தங்களோடு வரும்படி கூப்பிட்டபோது மறுத்துவிட்டார். காரணம், வீட்டை விட்டுப் போக மனமில்லை. அவ்வளவுதான்.

1910-களின் நடுவில் சில மாதங்கள் ரயில் பாதையில் வேலை பார்த்தார். கடப்பாரையால் தண்டவாளத்தை நெம்பி நேராக்கும் கும்பல் வேலை அது. பத்துப் பேரும் ஒரே நொடியில் நெம்பினால்தான் இரும்பு அசையும், அதனால் பாட்டில்லாமல் வேலை நடக்காது. அங்கே வால்டர் ஜாக்சன் என்ற தொழிலாளியிடம் கேட்டதுதான் பிறகு ‘ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்’ ஆனது. இயந்திரத்தோடு போட்டி போட்டுச் சுத்தியலோடு செத்துப்போன ஜான் ஹென்றியின் கதையைப் பலரும் வீரப் பாட்டாகப் பாடுவார்கள். ஹர்ட்டின் பாட்டில் பாடுகிறவன் வேறு ஆள். ஜான் ஹென்றியைக் கொன்ற சுத்தியல் என்னைக் கொல்லாது, இதைக் கொண்டுபோய் மேஸ்திரியிடம் கொடு, நான் கிளம்புகிறேன் என்கிறான். கத்தலோ சபதமோ கிடையாது. கையில் சம்பளப் பிரச்சினையோடு நடந்து போகும் ஒரு சாதாரண மனிதனின் பேச்சு. ஹர்ட்டின் குணமே இந்தப் பாட்டில் இருக்கிறது என்பேன்.

ரெக்கார்ட் கம்பெனி அவரிடம் வந்து சேர்ந்தது ஒரு வெள்ளைக்காரப் பிடில் கலைஞர் மூலமாக. பெயர் வில்லி நார்மர். ஷெல் ஸ்மித் என்ற கிட்டார்க்காரரோடு ஜோடியாக வாசிப்பார். ஸ்மித் வர முடியாத நாட்களில் ஆட்டங்களுக்கு ஹர்ட்டை அழைத்துக்கொள்வார். இன ஒதுக்கல் கடுமையாக இருந்த மிசிசிப்பியில் கருப்பரும் வெள்ளையரும் ஒரே மெட்டுகளை இப்படிப் பகிர்ந்து வாசித்ததுண்டு. விற்பனையில்தான் கம்பெனிகள் இரண்டாகப் பிரித்தன: கருப்பர் வாங்க ஒரு வரிசை, வெள்ளையர் வாங்கப் ‘பழைய மெட்டுகள்’ என்று இன்னொரு வரிசை. பிடில் போட்டி ஒன்றில் ஜெயித்து ‘ஓகே’ கம்பெனியின் வாய்ப்பைப் பெற்ற நார்மரிடம், உங்கள் பகுதியில் வேறு நல்ல கலைஞர் உண்டா என்று அதன் தயாரிப்பாளர் டாமி ராக்வெல் கேட்டார். நார்மர் கைகாட்டியது ஹர்ட்டை.

1928 பிப்ரவரி 14, மெம்பிஸ். ஒரு பெரிய கூடம், உள்ளே ராக்வெல், ஒரு பொறியாளர், ஹர்ட். நாற்காலியில் உட்கார வைத்து, மைக்கை வாய்க்கு நெருக்கமாகத் தள்ளி வைத்து, சரியான இடம் கிடைத்ததும் தலையை அசைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பயத்தில் இறுக்கமாக உட்கார்ந்து பாடியதில் சில நாட்கள் தொண்டை வலித்ததாக அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். ஏன் இத்தனை கெடுபிடி? அப்போது நாடா கிடையாது. சுழலும் மெழுகுத் தட்டில் ஊசி நேரடியாக வெட்டிக்கொண்டே போகும். நடுவில் பிசகினால் ஒட்டுப்போட வழியில்லை, முழுப் பாட்டையும் புதுத் தட்டில் திரும்பப் பாட வேண்டும். பத்து அங்குல ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடக் குறையத்தான் இடம். வீட்டு ஆட்டத்தில் பத்து நிமிடம் ஓடும் பாட்டை அதற்குள் அடக்க வேண்டும். ‘ஃப்ராங்கி’ அந்த வேகத்தில் பாய்வதைக் கேட்கும்போது இந்த மூன்று நிமிடக் கணக்கும் நினைவில் இருக்கட்டும்.

இன்னொரு தொழில்நுட்ப விஷயமும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. 1925-க்கு முன்பு புனல் போன்ற குழாய்க்குள் பாடித்தான் பதிவு செய்தார்கள். உரத்த குரல் இருந்தால்தான் ஊசி அசையும். மின்சார மைக் வந்த பிறகே மெல்லிய குரல்களுக்கு இடம் கிடைத்தது. கூடாரத்திலும் நாடக அரங்கிலும் பாடிப் பழகிய ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்துக்குக் குழாயே போதும். கைக்குழந்தையைத் தூங்க வைப்பது போலப் பாடும் ஹர்ட், 1922-இல் அழைக்கப்பட்டிருந்தால் பதிவாகியே இருக்க மாட்டார்.

மெம்பிஸில் எட்டுப் பாட்டுகள் பதிந்தார்கள். வெளிவந்தது ‘ஃப்ராங்கி’, ‘நோபடீஸ் டர்ட்டி பிசினஸ்’ என்ற இரண்டும் மட்டுமே. ரெக்கார்டில் பெயரை ‘மிசிசிப்பி’ ஜான் ஹர்ட் என்று அச்சிட்டது கம்பெனியின் விற்பனை யோசனை. ஊரில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. விற்பனை பரவாயில்லை என்று தெரிந்ததும் ராக்வெல் கடிதம் எழுதி நியூயார்க்குக்கு வரச் சொன்னார். 1928 டிசம்பர் 21-இலும் 28-இலும் அங்கே பன்னிரண்டு பாட்டுகள் பதிவாயின. ஆக மொத்தம் இருபது. அந்தக் காலத்தில் கடைக்கு வந்தது பன்னிரண்டு, அதாவது ஆறு ரெக்கார்டுகள். வெளியிடாமல் வைத்திருந்த ‘பிக் லெக் ப்ளூஸ்’ பிற்பாடு கிடைத்ததால் இன்று நம்மால் கேட்க முடிவது பதின்மூன்று. மெம்பிஸில் பதிந்த ‘கேசி ஜோன்ஸ்’, ‘ஸ்லைடிங் டெல்டா’ போன்றவற்றின் 1928 வடிவம் கேட்கக் கிடைப்பதில்லை.

நியூயார்க்கில் ஊர் நினைப்பு வாட்டியதில் கட்டிய பாட்டு ‘அவலான் ப்ளூஸ்’. நியூயார்க் நல்ல ஊர்தான், ஆனால் எனக்கானதல்ல. என் சொந்த ஊர் அவலான் எப்போதும் என் நினைவில் என்று அதில் பாடுகிறார். இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஏன் அழைப்பு வரவில்லை? 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்ததும் ரெக்கார்ட் தொழில் படுத்துவிட்டது. அமெரிக்காவில் 1927-இல் ஆண்டுக்குப் பத்துக் கோடி அளவில் விற்ற ரெக்கார்டுகள் 1932-இல் அறுபது லட்சத்துக்கு இறங்கியதாக வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 75 சென்ட் கொடுத்து ரெக்கார்ட் வாங்குகிற நிலையில் பருத்திக் காட்டுக்காரர் யாரும் இல்லை. ஆனால் பழியை முழுக்கப் பொருளாதாரத்தின் மேல் போட முடியாது. அதே 1928-இல் லீராய் கார் பியானோவில் பாடிய ‘ஹவ் லாங் ஹவ் லாங் ப்ளூஸ்’, டாம்பா ரெட்டும் ஜார்ஜியா டாமும் சேர்ந்து பாடிய ‘இட்ஸ் டைட் லைக் தட்’ இரண்டும் சக்கைப்போடு போட்டன. நகரத்துச் சாயல்தான் புது மோஸ்தர். அந்தக் காதுகளுக்கு ஹர்ட்டின் பாட்டு தாத்தா காலத்துச் சரக்காகத்தான் கேட்டிருக்கும்.

அது உண்மையும்கூட. இரண்டாம் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. அவலான், டெல்டா சமவெளி முடிந்து மேட்டு நிலம் ஏறத் தொடங்கும் விளிம்பில் இருக்கிறது. வரைபடப்படி டெல்டாவுக்குப் பக்கத்து வீடு; இசைப்படி தூரத்து உறவு. சார்லி பேட்டன், சன் ஹவுஸ் போன்ற டெல்டாக்காரர்கள் பேஸ் கம்பியை, அதாவது கீழ்ச்சுருதிக் கம்பியை, ஓங்கி அறைவார்கள், மேல் கம்பியைச் சுண்டி இழுப்பார்கள், தொண்டை கிழியப் பாடுவார்கள், தாளத்தை நினைத்த இடத்தில் நிறுத்துவார்கள். ஹர்ட்டிடம் இது எதுவும் இல்லை. குப்பியின் கழுத்துத் துண்டோ கத்தியோ வைத்துக் கம்பியில் இழைப்பதும் ஒன்றிரண்டு பாட்டில்தான். பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) கொண்ட வழக்கமான ப்ளூஸ் அமைப்பு அவருடைய பாட்டுகளில் சிலவற்றுக்கு மட்டுமே பொருந்தும். மற்றவை ப்ளூஸ் என்ற வடிவம் உருப்பெறும் முன்பே புழக்கத்தில் இருந்த கதைப்பாட்டு, ஆட்டப்பாட்டு, தேவாலயப் பாட்டு. இப்படி எல்லா வகையும் கலந்து பாடுகிறவரை அங்கே ‘சாங்ஸ்டர்’ என்பார்கள். ஹர்ட்டுக்குச் சரியான பெயர் அதுதான். டெல்டா ப்ளூஸ் என்ற அட்டையை ஒட்டினால், அதை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

கதைப்பாட்டு என்றேனே, அதில் பாதி கொலைச்சிந்து. 1895 கிறிஸ்துமஸ் இரவு செயின்ட் லூயிஸ் நகரத்துச் சாராயக் கடையில் லீ ஷெல்டன் என்பவர் பில்லி லயன்ஸைச் சுட்டார். பாட்டில் அது ‘ஸ்டாக் ஓ’லீ’. அதே நகரத்தில் 1899-இல் ஃப்ராங்கி பேக்கர் என்ற பெண் தன் காதலன் ஆலன் பிரிட்டைச் சுட்டார், அது ‘ஃப்ராங்கி’. ‘லூயிஸ் காலின்ஸ்’ மட்டும் ஹர்ட்டே கட்டியது. ஊரார் பேசிக்கொண்ட ஒரு கொலையைக் காதில் விழுந்த அளவுக்கு வைத்துப் பாடினார். செத்தவனைப் புதைத்துவிட்டு வரும் அந்தப் பாட்டின் மெட்டைத் தனியாகக் கேட்டால் தாலாட்டு என்றுதான் நினைப்பீர்கள்.

முப்பது, நாற்பதுகளில் விவசாயக் கூலி, ஆற்றுக் கரை அணை வேலை, அரசு நிவாரணத் திட்டத்தில் சாலை வேலை என்று போயிற்று. இடையில் 1952-இல் ஹேரி ஸ்மித் என்பவர் பழைய ரெக்கார்டுகளிலிருந்து 84 பாட்டுகளைத் திரட்டி ஃபோக்வேஸ் கம்பெனி மூலம் ஒரு தொகுப்பாக வெளியிட்டார். ஹர்ட்டின் ‘ஃப்ராங்கி’யும் ‘ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்’ம் அதில் இருந்தன. பாடுகிறவர் கருப்பரா வெள்ளையரா என்று ஸ்மித் வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. கல்லூரி இளைஞர்கள் ஒரு தலைமுறையே அதைக் கேட்டு விரல் தேயப் பழகியது. பாடியவர் செத்திருப்பார் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

‘அவலான் ப்ளூஸ்’ பாட்டைக் கேட்ட டிக் ஸ்பாட்ஸ்வுட், டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இரண்டு சேகரிப்பாளர்களுக்குத்தான் அந்த ஒரு வரி உறைத்தது. புது வரைபடங்களில் மிசிசிப்பியில் அப்படி ஓர் ஊரே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அட்லஸ் ஒன்றில், கிரீன்வுட்டுக்கும் கிரனடாவுக்கும் நடுவே, புள்ளியாக இருந்தது. 1963 மார்ச்சில் ஹாஸ்கின்ஸ் அங்கே போய், சாலையோரக் கடையில் ஜான் ஹர்ட் என்ற பெயரைச் சொல்லிக் கேட்டார். மேட்டில் ஏறினால் மூன்றாவது தபால் பெட்டி என்று வழி சொன்னார்கள். 35 ஆண்டு மர்மம் அவ்வளவு சுலபமாக முடிந்தது. வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் பெயர் சொல்லித் தேடி வந்து வாஷிங்டனுக்கு வரும்படி கூப்பிட்டதும், எஃப்.பி.ஐ. ஆள் என்று ஹர்ட் பயந்துவிட்டார். 1963-இல் மிசிசிப்பியில் கருப்பர் ஒருவருக்கு அந்தப் பயம் வருவதில் வியப்பில்லை. அவரிடம் அப்போது சொந்தக் கிட்டார்கூட இல்லை. ஹாஸ்கின்ஸ் கொண்டுவந்ததில்தான் வாசித்துக் காட்டினார். விரல் விறைத்திருந்தது, ஆனால் ஆள் இவர்தான் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

பாட்டிலுள்ள ஊர்ப்பெயரை வைத்து ஆளைத் தேடும் இந்த வழியில் அதே ஆண்டு இன்னொருவரும் அகப்பட்டார். புக்கா ஒயிட் ஒரு பாட்டில் அபர்தீன் என்ற ஊரைச் சொல்லியிருந்தார். ஜான் ஃபேஹியும் எட் டென்சனும் ‘பழைய ப்ளூஸ் பாடகர்’ என்று முகவரி எழுதி அந்த ஊர்த் தபால் நிலையத்துக்கே கடிதம் போட்டார்கள், போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு சன் ஹவுஸும் ஸ்கிப் ஜேம்ஸும் கண்டுபிடிக்கப்பட்டார்கள். சன் ஹவுஸ் கிட்டாரைத் தொட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்ததால், அவருடைய பழைய பாட்டுகளை அவருக்கே ஆலன் வில்சன் என்ற இளைஞர் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஹர்ட்டுக்கு அந்த நிலை வரவில்லை. தொண்டையைக் கிழிக்கும் பாட்டென்றால் முப்பது ஆண்டில் தேய்ந்திருக்கும். அவருடையது பேச்சுக் குரல், எழுபதிலும் அப்படியே நின்றது. அறுபதுகளின் பதிவுகள் 1928-ஐ விடக் கொஞ்சம் நிதானம், அவ்வளவுதான். என் கணக்கில் சில பாட்டுகள் அந்த நிதானத்தில்தான் நன்றாக இருக்கின்றன.

1963 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடை, அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கான பதிவு, பிறகு காபி ஹவுஸ்கள், பத்திரிகைப் பேட்டிகள், தொலைக்காட்சி. ‘காபி ப்ளூஸ்’ பாட்டில் வரும் ஒரு சொற்றொடரிலிருந்து ‘லவின் ஸ்பூன்ஃபுல்’ என்ற ராக் குழு பெயர் வைத்துக்கொண்டது. வான்கார்ட் கம்பெனி ‘டுடே!’ ஆல்பத்தை 1966-இல் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பர் 2 அன்று, மிசிசிப்பிக்கே திரும்பி வந்து, கிரனடாவில் மாரடைப்பால் இறந்தார். முழுநேரக் கலைஞராக இருந்தது மூன்றரை ஆண்டு. அவலானில் அவர் வாழ்ந்த வீட்டை நினைவகமாக நடத்திவந்தார்கள். அது 2024 பிப்ரவரியில் எரிந்துபோனது.

இனி கிட்டார். ஆட்டத்துக்கு வாசிக்க ஒரு ஆள்தான் இருக்கிறார் என்றால் தாளம், பேஸ், மெட்டு மூன்றையும் அவரே தர வேண்டும். ஹர்ட்டின் பாணி அந்தத் தேவையில் பிறந்தது. வலது கைக் கட்டைவிரல் கீழ்ச்சுருதிக் கம்பிகளான 6, 5, 4-இல் ஒவ்வொரு தாளத் தட்டுக்கும் மாறி மாறி நடக்கும், நிற்கவே நிற்காது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் 3, 2, 1-ஆம் கம்பிகளில் மெட்டை எடுக்கும். மோதிர விரலும் சுண்டு விரலும் கிட்டார் பலகையில் ஊன்றியிருக்கும். நகமோ, கம்பியைச் சுண்டும் பிக்கோ கிடையாது, வெறும் விரல் சதை. கட்டைவிரலில் பிக் மாட்டினால் பேஸ் மெட்டை விழுங்கிவிடும். இந்த இசையில் முதலில் கெடுவது அந்தச் சமன்தான்.

சி கார்டில் தொடங்குங்கள். (கார்ட் என்பது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் இடது கைப் பிடி; ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டை.) மோதிர விரல் 5-ஆம் கம்பியின் 3-ஆம் ஃப்ரெட், நடுவிரல் 4-ஆம் கம்பியின் 2-ஆம் ஃப்ரெட், ஆட்காட்டி 2-ஆம் கம்பியின் 1-ஆம் ஃப்ரெட். வலது கையில் கட்டைவிரல் மட்டும்: 5, 4, 5, 4. தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து ஆரம்பித்து ஒரு தட்டுக்கு ஒரு அடி. அது நிலைத்த பிறகு மூன்றாம் தட்டில் மோதிர விரலை 6-ஆம் கம்பியின் 3-ஆம் ஃப்ரெட்டுக்கு நகர்த்தி 5, 4, 6, 4. இதில் கைபதிந்துவிட்டதா என்பதற்கு ஒரு சோதனை: வாசித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் இன்றைக்கு என்ன சமையல் என்று கேளுங்கள். பதிலைக் கேட்டு மறுபேச்சும் பேசுங்கள். கட்டைவிரல் தடுமாறினால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

பிறகு மெட்டு விரல்கள். முதல் தட்டில் கட்டைவிரல் 5-ஐயும் நடுவிரல் 1-ஐயும் ஒரே சமயம் கிள்ளுங்கள். இரண்டாம் தட்டு, கட்டைவிரல் 4. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஆட்காட்டி 2-ஆம் கம்பி. மூன்றாம் தட்டு, கட்டைவிரல் 5. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நடுவிரல் 1-ஆம் கம்பி. நான்காம் தட்டு, கட்டைவிரல் 4. ஹர்ட்டின் துள்ளலில் பெரும்பகுதி இந்த ‘நடுவில்’ விழும் சுரங்களில் இருக்கிறது. பேஸ் தட்டிலேயே நடக்கிறது, மெட்டு தட்டுக்குக் கொஞ்சம் முன்னோ பின்னோ வருகிறது. அந்த இடைவெளியால்தான் இரண்டு பேர் வாசிப்பதாகக் காது ஏமாறுகிறது.

இங்கே பெரும்பாலோர் செய்யும் தப்பு, மேலே சொன்ன கிள்ளல் வரிசையையே பாட்டு முழுக்க ஓட்டுவது. அது பயிற்சிக்கு மட்டும். ஹர்ட் வாசிப்பது வாய்ப்பாடு அல்ல, வாயால் பாடும் மெட்டு. ஆகவே முதலில் வரியைப் பாடுங்கள், அதன் சுரங்களை 1, 2-ஆம் கம்பிகளில் தேடிப் பிடியுங்கள், கட்டைவிரலை ஓடவிட்டு ஒரு பாருக்கு ஒரு சுரம் வீதம் சேர்த்துக்கொண்டே வாருங்கள். மெட்டுச் சுரம் வரும்போதெல்லாம் கட்டைவிரலும் கூடவே துள்ளினால் இரண்டும் இன்னும் பிரியவில்லை என்று அர்த்தம். சுரத்தைக் குறையுங்கள், வேகத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. மெட்டு கைக்கு வந்த பிறகு ஹர்ட் செய்வதைச் செய்து பார்க்கலாம்: வரியின் பாதியில் பாடுவதை நிறுத்திவிட்டு மீதியைக் கிட்டாரிடம் விட்டுவிடுவார்.

அடுத்து தகராறு பண்ணுவது எஃப் கார்ட். ஆட்காட்டி விரலால் ஆறு கம்பிகளையும் குறுக்காக அழுத்தும் முழுப் பிடியைப் போட்டால் சுண்டு விரல் மெட்டுக்குக் கிடைக்காது. அதற்குப் பதில் இடது கைப் பெருவிரலைக் கழுத்துக்கு மேலே வளைத்து 6-ஆம் கம்பியின் 1-ஆம் ஃப்ரெட்டை அழுத்துங்கள். ஆட்காட்டி 1, 2-ஆம் கம்பிகளின் 1-ஆம் ஃப்ரெட், நடுவிரல் 3-ஆம் கம்பியின் 2, மோதிர விரல் 4-ஆம் கம்பியின் 3. பேஸ் 6, 4 என்று நடக்கும். கார்ட் மாறும்போது பேஸ் அறுந்தால், எல்லா விரலையும் ஒரே நேரத்தில் வைக்கப் பார்க்கிறீர்கள் என்று பொருள். முதல் தட்டுக்கு வேண்டியது பேஸ் விரல் ஒன்றுதான். மற்றவை அரைத் தட்டு கழித்து வந்து உட்காரலாம். நைலான் கம்பி போட்ட கிளாசிகல் கிட்டாரில் கழுத்து அகலம் என்பதால் இந்தப் பிடி எட்டாது; அதோடு ஓசையும் வேறு. எஃகுக் கம்பி போட்ட சிறிய உடல் கிட்டார் தேடுங்கள். அறுபதுகளில் நியூபோர்ட் அமைப்பு அவருக்கு வாங்கிக் கொடுத்ததும் அந்த வகைதான், கில்ட் எஃப்-30.

உள்ளங்கையை, கம்பிகள் கிட்டார் உடலில் ஊன்றும் பாலத்தின் மேல் வைத்துப் பேஸை அமுக்கி ‘டப் டப்’ என்று ஒலிக்கச் செய்வது மெர்ல் டிராவிஸ் போன்ற கென்டக்கிக்காரர்களின் வழி. ஹர்ட்டின் பேஸ் பெரும்பாலும் திறந்தே ஒலிக்கும்.

பாட்டு வரிசை: ‘மை கிரியோல் பெல்’ முதலில், சி சுருதி, நிதானமானது. பிறகு ‘லூயிஸ் காலின்ஸ்’, அதுவும் சி. மூன்றாவதாக ‘ஸ்பைக் டிரைவர்’. கிட்டத்தட்ட முழுப் பாட்டும் ஜி கார்டிலேயே சுற்றுவதால் இடது கைக்கு ஓய்வு, வலது கைக்குத்தான் வேலை. ‘கேண்டி மேன்’ ஏ சுருதியில். ‘ஃப்ராங்கி’யை ஓராண்டு கழித்துத் தொடுங்கள். அது ட்யூனிங்கே வேறு: 6-ஆம் கம்பி டி-க்கும், 5-ஆம் கம்பி ஜி-க்கும், 1-ஆம் கம்பி டி-க்கும் இறங்க வேண்டும், நடுவில் உள்ள மூன்றும் அப்படியே. கீழிருந்து டி, ஜி, டி, ஜி, பி, டி. ‘பே டே’ பாட்டுக்கு டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. மெல்லிய கம்பி போட்டிருந்தால் இப்படி இறக்கும்போது தொளதொளத்து ஃப்ரெட்டில் மோதிக் கரகரக்கும், 0.012 அங்குலத்தில் தொடங்கும் செட் தாங்கும்.

பழைய ரெக்கார்டோடு சேர்ந்து வாசிக்கும்போது சுருதி ஒத்துப்போகாவிட்டால் உங்கள் காதைச் சந்தேகப்படாதீர்கள். அந்தக் காலத்து ரெக்கார்டுத் தட்டுகள் எல்லாம் சரியாக நிமிடத்துக்கு 78 சுற்றில் வெட்டப்பட்டவை அல்ல, பாடுகிறவரும் ட்யூனருக்குச் சேர்த்துச் சுருதி வைக்கவில்லை. கழுத்தில் மாட்டும் கவ்வியான கேப்போவைப் போட்டோ, கம்பியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கியோ நீங்கள்தான் ரெக்கார்டுக்கு இணங்க வேண்டும். 1928 பாட்டுகள் பதின்மூன்றும் 1996-இல் ஒரே குறுந்தட்டாக வந்தன, அதைக் கேளுங்கள். கையைப் பார்க்க வேண்டுமென்றால் நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரின் ‘ரெயின்போ க்வெஸ்ட்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் வாசித்த பகுதி இருக்கிறது. முதல் முறை முகத்தைப் பார்த்துவிடுவீர்கள், அந்தத் தொப்பியும் சிரிப்பும் விடாது. இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டுக் கட்டைவிரலை மட்டும் பாருங்கள்.